புகை போகும் வழி

எங்கள் வீட்டுக்கு வருவோர் முற்றத்தைப் பார்ப்பர். விறாந்தைத் தூண்களைப் பார்ப்பர். பனை வளைகள் தாங்கிய கூரையை அண்ணாந்து நோக்கி, 'இக்காலத்தில் இத்தகைய மரம் எங்கே கிடைக்கும்!' என வியப்பர். அடுக்களையின் மூலையில், ஓட்டுக்கூரையை ஊடறுத்துக் கறுத்த முகத்தோடு நிற்கும் புகைக்கூட்டைப் பார்ப்பவர் ஒருவருமிலர். வீட்டுக்குடையவனாகிய நானும் அதனை இருபத்தாறு ஆண்டுகள் பாராமலே இருந்தேன். அப்பாராமுகத்துக்கு என் தாயாரின் உயிரே விலையாகப் போயிருக்கும். போகாமல் நின்றது எங்கள் நல்லூழ். ஊரார் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஒருவன், தான் பட்டுப் படித்த பாடத்தையும் ஊராருக்குச் சொல்லுதல் கடனன்றோ? அக்கடனைக் கழிக்கவே இக்கட்டுரை எழுந்தது.

சமைக்கும் இடத்துக்குத் தமிழர் வைத்த பெயர்கள் பல. அட்டில் என்பது பழைய பெயர். மடைப்பள்ளி என்றும் அடுக்களை என்றும் வழங்குவோம். குசினி என்பது போர்த்துக்கேயர் போகும்போது நம்மிடம் விட்டுச்சென்ற சொல். ஆனால், அங்கே எழும் புகை போகும் வழியைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. 'சிமினி' என்னும் ஆங்கிலச் சொல்லைக்கூட விளக்கின் கண்ணாடிக் குழாய்க்குத்தான் கொடுத்தோம். அச்சொல் இலத்தீன் வழியாக வந்தது. அதன் வேர் உலையைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல். நம்முடைய புகைக்கூடு என்னும் சொல்லோ பொருள் தெளிந்தது. கூடு என்பது உள்ளே வெறுமை உடையது. அவ்வெறுமையே அதன் பயன். வெறுமை அடைபட்டால் அது கூடன்று, வெறுஞ் சுவரே.

குறுந்தொகையின் 167ஆம் செய்யுளை நான் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக இல்லறம் புகுந்த இளம்பெண் தன் கையாலே தயிர் பிசைந்து, தாளிப்பின் புகை கண்ணிலே நிறைய, தானே சமைத்துப் படைக்கின்றாள். கணவன் இனிதென்று உண்கின்றான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. அம்மலர்ச்சியை வகுப்பிலே எத்தனை முறை விரித்துரைத்திருப்பேன்! ஆனால், அவள் கண்ணிலே நிறைந்த புகை பின்பு எவ்வழியாற் போயிற்று என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை, நானும் எண்ணியதில்லை. பெண்கள் கண்ணிற் புகை படிதல் நமக்கு அழகாகத் தோன்றிற்று. அதன் பின்னே ஓர் இருமலும் உண்டென்பது தோன்றவில்லை.

ஒரு தகரத் துண்டு

எங்கள் வீடு என் பாட்டனார் கட்டியது. சுவர்கள் சுண்ணாம்புக் கல்லாலானவை. அடுப்படிச் சுவரும் புகைக்கூடும் மாத்திரம் செங்கல்லாலானவை. சுண்ணாம்புக் கல் நெருப்பிலே நீறாகும் என்பது சூளை கண்ட யாழ்ப்பாணத்தார்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. உள்ளே ஒரு முழச் சதுரம். உச்சியிலே மழைக்கு மறைப்பாக நான்கு சிறு தூண்களின் மேல் ஒரு பலகைக்கல். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மருந்துபோலக் கிடைத்தது. அந்நாள்களில் இப்புகைக்கூடே எங்களைக் காத்தது. விறகடுப்பிலே மூன்று வேளையும் சமையல் நடந்தது. அடுக்களையிற் புகை நின்றதாக எனக்கு நினைவில்லை.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் ஊரோடு ஊராக நாங்களும் இடம்பெயர்ந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரையில் ஓடுகள் பாதி இல்லை. புகைக்கூட்டின் உச்சிக்கல்லும் உடைந்து விழுந்திருந்தது. மழைநீர் நேரே அடுப்பிலே இறங்கிற்று. கையிற் காசில்லை, கூப்பிட மேசனுமில்லை. முற்றத்திலே கிடந்த ஒரு தகரத் துண்டை எடுத்துக் கூரைமேல் ஏறி, புகைக்கூட்டின் வாயிலே கவிழ்த்து, மேலே நான்கு கற்களைப் பாரமாக வைத்தேன். 'மாரி கழியத் திறப்போம்' என்று சொல்லி இறங்கினேன். மாரி கழிந்தது. நாங்கள் முற்றத்துக் கொட்டிலிற் சமைத்தோம். பின்னர் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. அதன்பின் எரிவாயு வந்தது. அதற்கென வேறு குசினியும் கட்டினோம். பழைய அடுக்களை விறகும் சாக்கும் கிடக்கும் அறையாயிற்று. தகரத்தை நான் மறந்தேன். தகரம் தன் கடமையை மறக்கவில்லை.

2022ஆம் ஆண்டு பங்குனி, சித்திரை மாதங்களை இலங்கையில் மறந்தவர் யார்? எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரையும் மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டுச் சிலிண்டரும் ஒருநாள் ஓய்ந்தது. எண்பத்துமூன்று வயதான என் தாயாருக்கு அதிலே சிறிதும் கவலையில்லை. "அடுப்பு இருக்கேக்கை ஏன் யோசிக்கிறியள்?" என்று சொல்லிப் பழைய அடுக்களையைத் தாமே கூட்டுவித்தார். என் மனைவி தீ மூட்டினாள். அன்று மழை. சாரலடிக்குமென்று சன்னலைச் சாத்தியிருந்தனர். விறகு ஈரம். புகை அறையை நிறைத்தது. 'பலநாள் எரியாத அடுப்பு அப்படித்தான்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர்.

சோறு வெந்தது. விறகு எரிந்து தணலாயிற்று. புகையும் அடங்கிற்று. இனிப் பயமில்லை என்று மனைவி கிணற்றடிக்குப் போனாள். மழைக்குளிருக்குத் தணற்சூடு இதமாயிருக்கவே, அம்மா கதவையும் சாத்திக்கொண்டு அடுப்பருகே பலகையில் இருந்தார். நான் கல்லூரியால் வந்து கதவைத் திறந்தபோது சுவரிலே சாய்ந்து கிடந்தார். கூப்பிட்டால் விழித்தார்; எழுந்து நிற்க இயலவில்லை. தலை இடிக்கிறதென்றும் வயிற்றைப் புரட்டுகிறதென்றும் குழறினார். அறையிலே புகையென்று சொல்லத்தக்க யாதுமில்லை. முற்றத்துக்குத் தூக்கி வந்தோம். அயலார் முச்சக்கர வண்டியில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒட்சிசன் கொடுத்தார்கள். வைத்தியர் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சேர், புகைக்கூடு திறந்திருந்ததா?" என்றார்.

அப்பொழுதுதான் அந்தத் தகரம் என் நினைவுக்கு வந்தது.

கண்ணுக்குத் தெரியாத பகை

அந்த வைத்தியர் அன்று எனக்கு ஆசிரியரானார். விறகும் கரியும் போதிய காற்றின்றி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்கும் குணமுமில்லை. நம் குருதியிலே ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு பற்றிக்கொள்கின்றது. சுமப்பான் இருப்பான், சுமக்கவேண்டிய பொருளுக்கு இடமிராது. தலையிடி, மயக்கம், ஓங்காளம் என்பன முதற்குறிகள். பலர் அவற்றைப் பித்தமென்று எண்ணிப் படுத்துவிடுகின்றனர். படுத்தவர் எழாமற் போவதும் உண்டு.

புகை கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்துகின்றது. ஆதலின் அது பகையாயினும் சொல்லிவிட்டு வரும் பகை. தணலோ புகையாது. ஆனால் நஞ்சை ஈன்றுகொண்டே இருக்கும். புகை அடங்கிற்று என்று நாம் மனம் ஆறிய அந்த நேரமே பொல்லாத நேரம்.

புகைக்கூடு தொழிற்படும் முறை விளங்குதற்கு அரிதன்று. சூடேறிய வளி விரிந்து இலேசாகின்றது, இலேசானது மேலெழும், அதனிடத்தை நிரப்பப் புதுவளி கீழால் வரும். விளக்குக்குச் சிமினி இட்டவுடன் சுடர் நிமிர்ந்து நிற்பதும் இதனாலேயே. கூடு உயர உயர இழுப்பு மிகும். உள்வளி சூடாக இருக்க இருக்க இழுப்பு மிகும். மேல்வாய் அடைபட்டாலும், கீழே புதுவளி வர இடமின்றிக் கதவு, சன்னல்களை முற்றச் சாத்தினாலும் இழுப்பு அறும். நாங்கள் இரண்டு பிழையையும் ஒருங்கே செய்தோம்.

மேசனார் சொன்ன இலக்கணம்

அம்மா மூன்றாம் நாள் வீடு வந்தார். நான்காம் நாள் எழுபது வயது கடந்த மேசனார் ஒருவரை அழைத்து வந்தேன். சுண்ணாம்பு வேலை அறிந்த பழைய கை. அவர் கூரையில் ஏறவில்லை. ஒரு பொச்சுமட்டையைக் கொளுத்தி, சுவாலையை அணைத்து, அடுப்பின்மேற் பிடித்தார். புகை சிறிது மேலே போய்த் திரும்பி எங்கள் முகத்திலே வந்தது. பின்னர் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, அடுப்படியிலே சாய்த்துப் பிடித்தார். "நல்ல கூடெண்டால் இதுக்குள்ளை வானம் தெரியவேணும், வாத்தியார்" என்றார். கண்ணாடியிலே இருளே தெரிந்தது.

"அண்ணை, மழைக்காகத்தான் மூடினேன்" என்றேன்.

"மனிசரின்ரை மூக்கை அடைச்சால் வாயாலை மூச்சு விடுவினம். அடுப்பின்ரை மூக்கை அடைச்சால் அது வீட்டுக்குள்ளைதான் விடும்" என்றார் அவர். நான் மறுமொழி சொல்லவில்லை.

தகரத்தை எடுத்தார். அதன் கீழே அணிற்கூடும் மைனாக்கூடும் மாஞ்சருகுமாக ஒரு கடகம் நிறையக் குப்பை வந்தது. சாக்கிலே வைக்கோலைத் திணித்து, அடியிலே கல்லைக் கட்டி, கயிற்றால் மேலிருந்து இறக்கியும் ஏற்றியும் உட்புறத்தை உரோஞ்சினார். கரி உதிர்ந்தது. அடுப்புக்கு அணித்தான பகுதியிலோ கரி உதிராமல், கீல் பூசினாற்போல மினுங்கிக்கொண்டு கெட்டியாக ஒட்டியிருந்தது. ஈரவிறகை மந்தமாக எரிக்க எழும் புகை, குளிர்ந்த சுவரிலே பட்டு இவ்வாறு பிசினாகப் படியும். அப்படிவு தானே ஒரு விறகு. ஒருநாள் பன்னாடையோ ஓலையோ சுவாலித்து எரிய, பொறி மேலே போய் அதிலே பற்றினால், புகைக்கூடு முழுவதும் உள்ளே எரியும். அதனைச் சுரண்டி எடுக்க ஒரு பகல் சென்றது.

என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. கூடு கூரையை ஊடறுக்கும் இடத்திலே ஒரு பனஞ்சலாகை செங்கல்லோடு ஒட்டிக் கிடந்தது. ஒட்டிய பக்கம் கறுத்திருந்தது. விரலால் அழுத்தப் பொடியாயிற்று. அவ்விடத்துச் செங்கல் இடுக்கிலே சாந்து போய், கத்தியின் அலகு உள்ளே சென்றது. மரம் பல்லாண்டு சூடுபட்டு வர, வரவரக் குறைந்த சூட்டிலேயே தீப்பற்றும் தன்மையை அடையும் என்பர். கூரை எரிந்திருந்தால், எங்கிருந்து தீ வந்ததென்று ஒருவருக்கும் தெரிந்திராது. மேசனார் அச்சலாகையை வெட்டி, குறுக்குச் சட்டமிட்டுத் தாங்குவித்து, மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டங்குல வெளி விட்டார்.

நான் என் அறிவைக் காட்ட விரும்பி, "முழுவதையும் சீமெந்தாற் பூசிவிட்டால் பலமாயிருக்குமே" என்றேன். அவர் என்னைக் கூட்டிச் சென்று புகைக்கூட்டின் தென்புறத்தைக் காட்டினார். முன்னொரு காலத்தில் யாரோ அங்கே சீமெந்து பூசியிருந்தனர். பூச்சு உறுதியாகவே இருந்தது. அதன் பின்னே செங்கல்லின் முகம் தகடு தகடாக உரிந்திருந்தது. "பலந்தான். அந்தப் பலந்தான் பிழை. பழைய கல்லு மெதுவானது. சூட்டுக்கு விரியும், ஆறேக்கை சுருங்கும். சுண்ணாம்பு அதோடை சேர்ந்து போகும். சீமெந்து விட்டுக்குடாது. உள்ளை போன ஈரத்தையும் வெளியிலை விடாது. கடைசியிலை உடையிறது கல்லுத்தான்" என்றார்.

இதனை நன்னூலுக்கு உரை கேட்பதுபோலக் கேட்டேன். பழைய சாந்தை ஓரங்குல ஆழத்துக்குச் சுரண்டி நீக்கினார். இடுக்குகளை நனைத்தார். பலநாள் நீரிலே கிடந்து குழைந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு சேர்த்து, இடுக்குத்தோறும் அழுத்தி நிரப்பினார். முகம் உரிந்த கற்களைக் கழற்றி மாற்றினார். ஈரச்சாக்குகளைப் போர்த்து, பலநாள் உலரவிடாமற் காத்தார். சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதன்று. சூளையிலே கல் இழந்த காபனீரொட்சைட்டை வளியிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப ஏற்று, மறுபடியும் கல்லாகின்றது. அவசரப்பட்டால் அது கல்லாகாது, தூளாகும். ஒரு மாதம் தீ மூட்டக்கூடாது என்றும், அதன்பின்பும் சில நாள் சிறுதீயே மூட்டவேண்டும் என்றும் சொன்னார். உச்சியிலே பழையபடி நான்கு தூண்களும் மேலே பலகைக்கல்லும் வைத்து, பறவை புகாமற் பக்கங்களுக்குக் கம்பிவலை இட்டார். கூட்டின் மேலே கவிந்த மாங்கொம்பும் வெட்டப்பட்டது. அது காற்றைத் திருப்பிப் புகையைக் கீழே தள்ளும்.

விலை கொடுத்தவர்

வேலை நடந்த நாள்களில் புகைக்கூட்டின் வரலாற்றைச் சிறிது தேடிப் படித்தேன். இங்கிலாந்திலே நிலக்கரி பெருக, வீடுதோறும் வளைந்தும் நெளிந்தும் செல்லும் ஒடுங்கிய புகைக்கூடுகள் பெருகின. அவற்றைத் துப்புரவாக்க ஏழைச் சிறுவரை உள்ளே ஏறவிட்டனர். கரி படிந்த உடம்போடு வளர்ந்தவர்களுக்குப் புற்றுநோய் வருவதை 1775ஆம் ஆண்டில் பேர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர் எழுதி வெளியிட்டார். 1788இல் ஒரு சட்டம் வந்தது, 1840இல் வேறொன்று, 1864இல் பின்னுமொன்று. சட்டங்கள் ஏட்டிலே இருந்தன. பிள்ளைகள் கூட்டுக்குள்ளே இருந்தார்கள். ஜோர்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் உள்ளே சிக்கி இறந்த 1875ஆம் ஆண்டிலேதான் அவ்வழக்கத்தை ஒழித்த சட்டம் பிறந்தது.

படித்து முடித்தபோது எனக்கு நம் அடுக்களைகளே கண்முன் நின்றன. அங்கே பிள்ளைகள், இங்கே பெண்கள். வீட்டின் பெருமையை அடைபவர் ஒருவர்; புகையின் விலையைக் கொடுப்பவர் இன்னொருவர். வீட்டுக்குள்ளே விறகு முதலியவற்றை எரிப்பதனால் மாசுபட்ட வளியே 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் சாவுக்குக் காரணமாயிற்று என உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கின்றது. புகைக்கூட்டைத் திருத்துவதை நாம் வீட்டைத் திருத்துவதாக எண்ணிப் பிற்போடுகின்றோம். அது அடுப்படியில் நிற்பவரின் மூச்சைத் திருத்துவது.

பழைய வீடுடையார்க்குச் சில

அன்பர்கள் மனங்கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வேன். ஆண்டுக்கொருமுறை, மாரிக்கு முன்னே, புகைக்கூட்டைத் துப்புரவாக்குக. கண்ணாடியிலே வானம் தெரிகின்றதா என்று பார்க்க. மழைக்கு மறைப்பு வேண்டும். ஆனால் வாயை மூடுதல் ஆகாது. உச்சி, கூரையைத் துளைத்த இடத்துக்கு மேலே மூன்றடியேனும், பத்தடிச் சுற்றிலுள்ள எதனையும்விட இரண்டடியேனும் உயர்ந்து நிற்கவேண்டும். மரம் எதுவும் கூட்டைத் தொடலாகாது. ஆறு மாதமேனும் காய்ந்த விறகையே எரிக்க. தீ எரியும்போதும் தணல் கிடக்கும்போதும் ஒரு சன்னலைத் திறந்து வைக்க. தணற்சட்டியைப் படுக்கையறைக்குள் ஒருபோதும் கொண்டுபோகற்க. தலை இடித்தால் முதலில் வெளியே வருக. மருந்தைப் பின்பு தேடுக. கூட்டுக்குள்ளே தீப்பற்றி இரைச்சல் கேட்டால், சுட்ட செங்கல்லிலே நீரூற்றி வெடிக்கச் செய்யாது, அடுப்பின் வாயைத் தகரத்தால் அடைத்துக் காற்றை மறித்து, எல்லோரையும் வெளியேற்றி, உதவிக்கு ஆளழைக்க. மீண்டும் தீ மூட்டுமுன் கூட்டை ஆராய்க. நுவரெலியா போன்ற குளிரிடங்களிலே பழைய பங்களாக்களிற் குளிர்காயும் அடுப்புகளுக்கும் இவையே விதி. அங்கே கதவு, சன்னல்களைச் சாத்திக்கொண்டு உறங்குவர். ஆதலால் அவர்களுக்கு விழிப்பு இன்னும் வேண்டும்.

எரிவாயு மீண்டும் வந்துவிட்டது. ஆயினும் வெள்ளிக்கிழமைகளில் அம்மா பழைய அடுப்பிலே பொங்குகின்றார். கதவு திறந்திருக்கும். சன்னலும் திறந்திருக்கும். சென்ற வாரம் அவர் முற்றத்துக்கு வந்து, கண்ணுக்குமேற் கையை மறைப்பாக வைத்துக் கூரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா பார்க்கிறியள்?" என்றேன்.

"புகை நேரை போகுது, தம்பி. உன்ரை அப்பப்பா கட்டேக்கையும் இப்பிடித்தான் போச்சு" என்றார்.

நானும் பார்த்தேன். நீங்களும் இன்று மாலை ஒருமுறை உங்கள் கூரையை அண்ணாந்து பாருங்கள். உங்கள் வீட்டிலும் எந்தத் தகரம் எந்த மாரிக்காகக் கவிழ்ந்து கிடக்கிறதோ, யாரறிவார்?